ரோடு வந்துவிட்டது, வரவு எங்கே? வாசகர் கேள்வி – பதில்

கிராமச் சாலை, பள்ளி, பஸ், குடும்ப வருமானம் தொடர்பாக வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டுப் பகுதியை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊருக்குத் தார் ரோடு போட்டு ஐந்து வருடம் ஆகிறது. மரவள்ளிக்கும் வாழைக்கும் விலை மட்டும் பழையபடியே. ரோடு வந்தால் விவசாயி பிழைத்துக்கொள்வான் என்றார்களே? (கொல்லிமலை அடிவாரம்)

ரோடு பொருளை ஏற்றிப் போவதைவிட ஆளை ஏற்றிப் போவதுதான் அதிகம். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அதில் மக்கள்தொகை வரம்பைக் கொஞ்சம் தாண்டியதால் சாலை கிடைத்த ஊர்களையும், கொஞ்சம் குறைந்ததால் கிடைக்காமல் போன ஊர்களையும் ஒப்பிட்டு சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விளைச்சல், வருமானம், குடும்பச் சொத்து எதிலும் பெரிய மாற்றம் இல்லை. மாறியது வேலை. உழைப்பாளிகளில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளி குறைந்தது. அவர்கள் வெளியே கூலி வேலைக்குப் போனார்கள். உங்கள் ஊரிலும் ரோட்டின் பலனை மூட்டையில் தேடாமல் காலை பஸ்ஸில் தேடிப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். தோட்டத்தில் கிடைக்கும் விலை என்பது மண்டி விலையில் வண்டி வாடகை, கமிஷன், ஏற்று–இறக்குக் கூலி, சேதாரம் எல்லாம் போக மிஞ்சுவது. ரோடு குறைப்பது வாடகையையும் சேதாரத்தையும்தான். தோட்டத்துக்கு ஒரே ஒரு வியாபாரி வருகிறார் என்றால் அந்த மிச்சம் அவருக்குப் போகும். இதைச் சோதிக்க வழி உண்டு. ஒரே நாளில் மண்டி விலையைப் போனில் கேளுங்கள். நீங்களே கொண்டுபோனால் ஆகும் செலவைக் கழியுங்கள். வியாபாரி சொன்ன விலையோடு ஒப்பிடுங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் அவர்மேல் குறை சொல்ல முடியாது. மூன்று, நான்கு ரூபாய் என்றால் நீங்களே கொண்டுபோவதுதான் லாபம்.

தனியாகக் கொண்டுபோனால் கட்டாது. குட்டியானை வண்டி ஏறத்தாழ முக்கால் டன் தாங்கும். வாடகை 1,800 ரூபாய் என்று வைத்தால், 750 கிலோ ஏற்றும்போது கிலோவுக்கு 2 ரூபாய் 40 காசு. 250 கிலோ ஏற்றினால் 7 ரூபாய் 20 காசு. மூன்று, நான்கு வீடு சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும். சேர்ந்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சண்டை போட்டுக்கொள்வது தரம் கலப்பதில். ஏற்றும் முன்பே அவரவர் சரக்கைத் தனித்தனியாக எடை போட்டு, மூட்டையில் பெயர் எழுதி, முதல் தரத்தையும் இரண்டாம் தரத்தையும் பிரித்து அனுப்புங்கள்.

மரவள்ளிக்கு நேரமும் காசு. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கிழங்கின் மாவுச்சத்து அளவு (பாயிண்ட்) பார்த்துத்தான் விலை போடுகின்றன. பிடுங்கிய இரண்டு, மூன்று நாளில் கிழங்கு கருக்க ஆரம்பித்துவிடும். ஆலை வாசலில் வண்டி ஒரு நாள் காத்துக் கிடந்தால் ரோட்டில் மிச்சப்படுத்திய நேரம் அங்கே போய்விடும். ஆலையில் இறக்கும் நாளைக் கேட்டுக்கொண்ட பிறகே பிடுங்க ஆள் விடுங்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அரசு கலைக் கல்லூரி 38 கிலோமீட்டர். பக்கத்து வீட்டுப் பையன் திருப்பூரில் மாதம் 12,000 வாங்குகிறான். படிக்க வைப்பதா, அனுப்புவதா? மனசுக்கு ஆறுதல் வேண்டாம், கணக்குச் சொல்லுங்கள். (தருமபுரி மாவட்டம்)

கணக்கே சொல்கிறோம். திருப்பூரில் 12,000 வாங்கினால் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 5,000 போய்விடும். வீட்டுக்கு வருவது 7,000. மூன்று வருடத்தில் 2,52,000. கல்லூரிக்கு அனுப்பினால் இந்தப் பணம் வராது. படிப்புச் செலவில் பெரிய செலவு இதுதான், யாரும் இதை எழுதி வைப்பதில்லை. அரசுக் கல்லூரிக் கட்டணம், புத்தகம், மதியச் சாப்பாடு, கைச்செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 25,000 என்று வைப்போம். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்று ஆண்டுச் செலவு 75,000, உதவித்தொகை 36,000, கைப்பணம் 39,000. ஆக மொத்தம் ஏறத்தாழ 2,91,000.

திரும்பி வருவது எவ்வளவு? சாக்கரோபுலஸ், பாட்ரினோஸ் இருவரும் 2018-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன சராசரி, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஊதியம் 9 சதவீதம் கூடுகிறது என்பது. 12,000 மூன்று ஆண்டில் அந்தக் கணக்கில் 15,500 ஆகும். மாதம் 3,500 கூடுதல். 2,91,000 திரும்பி வர 83 மாதம், அதாவது ஏழு ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. மகனுக்கு 28 வயதில் கணக்கு சமமாகும். அதற்கப்புறம் முப்பது ஆண்டு வருவதெல்லாம் லாபம்.

ஆனால் இது சராசரி. பட்டத்தை வைத்துக்கொண்டு அதே 12,000 ரூபாய் வேலைக்குப் போனால் போட்ட பணம் திரும்பவே திரும்பாது. எந்தப் படிப்பு என்பதைக் கல்லூரியின் பெயரைவிட முக்கியமாகப் பாருங்கள். பிடித்த பாடப்பிரிவு கிடைக்கவில்லை, ஏதோ ஒன்றில் சேர்த்துவிடுவோம் என்ற நிலை வந்தால் அரசு ஐ.டி.ஐ.யை யோசியுங்கள். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸ் உண்டு. பிட்டர், எலெக்ட்ரீசியன் போன்ற இரண்டாண்டுத் தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டு. கதவு மூடிவிடாத வழி இது.

கலைக் கல்லூரியே என்று முடிவானால், சேர்க்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது பஸ். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். 38 கிலோமீட்டரில் ஒரு பஸ் மாறிப் போகிற பையன் முதல் வகுப்பை அடிக்கடி விடுவான், இரண்டாம் ஆண்டில் அரியர் சேரும், அப்புறம் நின்றுவிடுவான். பாதியில் நின்ற படிப்புக்குச் சம்பளத்தில் மதிப்பே இல்லை. செலவு மட்டும் முழுசாக இருக்கும். நேர் பஸ் இல்லையென்றால் அரசு நலத்துறை விடுதிக்கு (2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர்) சேர்க்கையின்போதே விண்ணப்பியுங்கள். இரண்டாவது, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பது. உதவித்தொகை வராமல் நிற்பதற்கு அடிக்கடி கிடைக்கிற காரணம் இது.

கேள்வி: ஒரு ஊருக்கு முதலில் வேண்டியது பள்ளியா, ரோடா? பட்டிமன்றத்தில் பேச வேண்டியிருக்கிறது. (மன்னார்குடி)

பட்டிமன்றம் என்றால் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசலாம். இரண்டு பக்கத்துக்கும் சரக்கு இருக்கிறது. ரோட்டுக்கட்சிக்கு: ஷெங்கன் ஃபான், பீட்டர் ஹேசல், சுக்தேவ் தோரட் மூவரும் 1999-இல் இந்திய மாநிலங்களின் செலவைப் பிரித்துப் பார்த்தபோது, ஊரக வறுமையைக் குறைப்பதில் சாலைச் செலவு முதலிடம், வேளாண் ஆராய்ச்சி இரண்டாமிடம், கல்வி மூன்றாமிடம். பள்ளிக்கட்சிக்கு: இந்தோனேசியா 1970-களில் 61,000-க்கு மேல் தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது, அதில் படித்தவர்களின் ஊதியத்தை எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தபோது ஒரு கூடுதல் ஆண்டுக்கு 6.8 முதல் 10.6 சதவீதம் வரை உயர்வு தெரிந்தது.

உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கிராமச் சாலை வந்த ஊர்களில் நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை சுமார் 7 சதவீதம் கூடியதாக அஞ்சலி அடுகியாவும், முதல் பதிலில் சொன்ன ஆஷர், நோவோசாட் இருவரும் கண்டார்கள். படித்தவனுக்கு நல்ல சம்பளம் தருகிற ஊர் பக்கத்தில் இருந்த இடத்தில் இது இன்னும் அதிகம். படிப்புக்கு வேலை கிடைக்கும் என்று கண்ணால் பார்க்கிற பெற்றோர் பிள்ளையை நிறுத்துவதில்லை.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும், அதைச் சொன்னால் அரங்கம் கொஞ்சம் அமைதியாகும். மெக்சிகோவில் ஏற்றுமதி ஆலைகள் வந்தபோது, ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு மாணவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டதாக டேவிட் அட்கின் 2016-இல் எழுதினார். பத்தாவது தேர்வு முடிந்த மறுவாரம் நூற்பாலை ஏஜென்ட்டின் வேன் ஊருக்குள் வருவதும், மூன்று வருடம் இருந்தால் மொத்தமாகப் பணம் என்று பெண் பிள்ளைகளின் வீட்டில் பேசுவதும் நம் மேற்கு மாவட்டங்களுக்குப் புதிதல்ல. அந்த வேனும் அதே ரோட்டில்தான் வருகிறது.

கேள்வி: சாலையும் படிப்பும் எங்கள் ஊராட்சியில் வருமானத்தை எப்படி மாற்றின என்று இளைஞர்கள் சேர்ந்து கணக்கெடுக்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்? (திருவண்ணாமலை மாவட்டம்)

"மாதம் எவ்வளவு வருமானம்?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். ரேஷன் கார்டு, உதவித்தொகை ஏதாவது போய்விடுமோ என்று பயந்து குறைத்துத்தான் சொல்வார்கள். பயம் இல்லாவிட்டாலும் அவர்களுக்கே தெரியாது. கிராமத்து வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. வகை வகையாகப் பிரித்துக் கேளுங்கள். 2019-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798, கால்நடை 1,582, சிறு தொழில் 641, நிலக் குத்தகை 134. விவசாயக் குடும்பத்திலேயே பயிர் இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது. நீங்களும் இதே ஐந்து தலைப்பை வைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை ஆறாவதாகச் சேருங்கள். அது இல்லாத கணக்கு பாதிக் கணக்கு.

கூலியைப் பணமாகக் கேட்காமல் நாளாகக் கேளுங்கள்: தை முதல் சித்திரை வரை எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், எங்கே, நாள் கூலி என்ன? ரோடு செய்கிற வேலை இங்கேதான் வெளிப்படும், ஏனென்றால் வயலில் வேலை இல்லாத மாதங்களில்தான் ஆட்கள் வெளியே போகிறார்கள். பயிருக்கு, விற்ற மூட்டையோடு வீட்டுக்கு வைத்துக்கொண்ட மூட்டையையும் அன்றைய விலையில் போடுங்கள். விதை, உரம், உழவு, அறுவடைக் கூலி, வாடகை கழியுங்கள். பாலுக்கு, கடைசி இரண்டு வாரச் சங்கச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம்.

ஒவ்வொரு ஆளுக்கும் தனி வரி: வயது, எத்தனாவது வரை படிப்பு, எந்த வேலை, எத்தனை கிலோமீட்டர், எதில் போகிறார். ஒரு வீட்டில் அதிகம் படித்தவரின் வகுப்பை மட்டும் எழுதினால் மற்றவர்கள் மறைந்துபோவார்கள். வீட்டுக்கு ஒருவராவது பத்தாவது தாண்டியிருக்கிறாரா என்பதையும் தனியாகக் குறியுங்கள். வங்கிப் படிவம், விலைப்பட்டியல், விண்ணப்பம் எல்லாவற்றையும் வீட்டுக்காக அந்த ஒருவர்தான் பார்க்கிறார்.

அடிக்கடி தவறும் இடம் ஒன்று: ரோட்டுக்கு முன்னால், பின்னால் என்று உங்கள் ஊரை மட்டும் ஒப்பிடுவது. இடையில் ஒரு வறட்சி வந்திருக்கும், கூலி எல்லா ஊரிலும் ஏறியிருக்கும். அதே மண், அதே மழை, ஆனால் ரோடு இன்னும் சரியாக இல்லாத ஊர் ஒன்றில் 40 வீடாவது எடுங்கள். வீடுகளை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. வரிசையில் ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று போங்கள். இல்லாவிட்டால் ரோட்டோர வீடுகளாகவே சேர்ந்துவிடும், முடிவும் ரோட்டுக்குச் சாதகமாகவே வரும்.

கேள்வி: பெண்களுக்கு பஸ் இலவசம் என்கிறார்கள். எங்கள் ஊருக்கு வருவதே காலை பத்து மணிக்கு ஒன்று, மாலை நான்குக்கு ஒன்று. இதில் யார் வேலைக்குப் போவது? (விழுப்புரம் மாவட்டம்)

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் நீட்டித்தார்கள். ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொல்கிறது. உங்கள் நேரத்துக்கு பஸ் இல்லையென்றால் மிச்சம் இல்லை, செலவுதான். ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 40 என்றால் மாதம் 25 நாளுக்கு 2,000 ரூபாய். 9,000 சம்பளத்தில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

மனுவில் "எங்கள் ஊருக்கு பஸ் விட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். ஒரு வாரம் காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை, ஊரிலிருந்து யார் யார் எதில் போகிறார்கள் என்று எண்ணுங்கள்: மாணவர், வேலைக்குப் போகும் பெண்கள், ஆண்கள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள். பள்ளி தொடங்கும் நேரம், கம்பெனி ஷிப்ட் நேரம், பஸ் திரும்ப எங்கே இடம், வளைவில் எவ்வளவு அகலம் என்பதையும் சேருங்கள். புதிய பஸ் கேட்பதைவிட, இருக்கும் பஸ்ஸின் நேரத்தை மாற்றக் கேட்பது சீக்கிரம் நடக்கும். பத்து மணி நடையை ஏழரைக்கு மாற்றினாலே உங்கள் பாதிப் பிரச்சினை தீரும். மனு அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு, நகல் மாவட்ட ஆட்சியருக்கு. இலவசப் பயணத்துக்கு அரசு கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. அதனால் "பெண்கள்தான் ஏறுவார்கள், வசூல் இருக்காது" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

பெரிய பஸ் திரும்ப இடமே இல்லையென்றால் மினி பஸ். 2025-இல் தொடங்கிய புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் பெரும்பகுதி பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடத்தை வரைந்து கொடுங்கள். தனியார் மினி பஸ்ஸில் மகளிர் இலவசப் பயணம் செல்லாது என்பதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: போட்ட ரோடு இரண்டே மழையில் பெயர்ந்துவிட்டது. யாரைக் கேட்பது? நாங்களே பார்த்துக் கண்டுபிடிக்கும்படி என்ன அளவு இருக்கிறது? (சிவகங்கை மாவட்டம்)

முதலில் ரோட்டின் தொடக்கத்தில் இருக்கும் பலகையைப் படியுங்கள். பிரதமர் திட்டச் சாலை என்றால் நீளம், மதிப்பீடு, ஒப்பந்ததாரர், முடித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை குறைகளைச் சரிசெய்வதும் பராமரிப்பதும் போட்ட ஒப்பந்ததாரர் பொறுப்பு. குழி அடைப்பது மட்டுமல்ல, ஓரத்து மண் நிரப்புவது, வடிகால் தூர் எடுப்பது, புதர் வெட்டுவதும் அதில் அடக்கம். இந்த ஐந்து ஆண்டைத் தெரியாமல் ஊராட்சிப் பணத்தைப் போட்டு ஒட்டுப்போடுகிற ஊர்கள் நிறைய.

நீங்களே பார்க்கக்கூடியவை: தார்ப்பகுதியின் அகலம் வழக்கமாக 3.75 மீட்டர், போக்குவரத்து மிகக் குறைந்த சாலையில் 3 மீட்டர். நடுமேடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நூலை இழுத்து, நடுவில் தரையைத் தொடும்படி மட்டமாகப் பிடியுங்கள். இரு ஓரத்திலும் நூலுக்கும் தாருக்கும் இடையே ஐந்து, ஆறு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மூன்று சதவீதச் சாய்வு என்றால் அவ்வளவுதான் வரும். இடைவெளியே இல்லையென்றால் தண்ணீர் ரோட்டின்மேல் நிற்கும். அடுத்து ஓரத்து மண், பெர்ம் என்பார்களே, அது. மண் தாரைவிட உயர்ந்திருந்தால் ரோடே வாய்க்கால் ஆகிவிடும். மிகத் தாழ்ந்திருந்தால் வண்டி ஒதுங்கும்போது தாரின் விளிம்பு உடைந்து, உடைசல் உள்ளே உள்ளே வரும். கிராமச் சாலைகள் பெரும்பாலும் சாவது நடுவில் அல்ல, விளிம்பில்.

பெயர்ந்த விதமே காரணத்தைச் சொல்லும். தார் அடை அடையாகத் தகடுபோல் உரிந்தால், கப்பிக்கு மேல் அடிப்பூச்சுத் தார் தெளிக்காமலோ, தூசியைக் கூட்டாமலோ போட்டிருக்கிறார்கள். ஜல்லி தனித்தனியாக உதிர்ந்தால் தார் குறைவு, அல்லது ஆறிப்போன கலவை. இரண்டு சக்கரத் தடத்திலும் பள்ளம் விழுந்து ஓரம் பிதுங்கினால் அடிமண் சரியாக இறுகவில்லை, அல்லது அந்த ரோட்டுக்கு மீறிய பாரம் போகிறது. தாரின் மேல்கம்பளம் வெறும் இரண்டு சென்டிமீட்டர். பாரம் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் கப்பி அடுக்குகளும் கிராவலும்தான். அச்சுப் பாரம் இரட்டிப்பானால் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு. கல்குவாரி லாரி போகும் ஊரில் ஒப்பந்ததாரரை மட்டும் திட்டிப் பயனில்லை. குவாரி உரிமத்தில் எந்தச் சாலை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

புகாரை 'மேரி சடக்' செயலியில் இடத்தோடு கூடிய படமாக ஏற்றலாம். எழுத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் செயற்பொறியாளருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "ஏன் ரோடு பெயர்ந்தது?" என்று கேட்டால் தகவல் இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் கிடைப்பது ஆவணம் மட்டும். ஒப்பந்த நகல், மதிப்பீடு, அளவைப் புத்தகம், தரச் சோதனை அறிக்கை, மாநில–தேசியத் தரக் கண்காணிப்பாளர்களின் ஆய்வுக் குறிப்பு, ஐந்தாண்டுப் பராமரிப்பில் இதுவரை செய்த வேலையும் கொடுத்த பணமும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ரோட்டை நீங்களே தோண்டிப் பார்க்க வேண்டாம். பொறியாளர் முன்னிலையில் குழி எடுத்து அடுக்கின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மலைமேல் எங்கள் குடியிருப்பில் 320 பேர். மழைக்காலத்தில் மிளகும் பலாவும் கீழே இறங்காது, பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். வனத்துறை நிலம் என்பதால் ரோடு முடியாது என்கிறார்கள். வழியே இல்லையா? (கல்வராயன் மலை)

இரண்டு தடை இருக்கின்றன; தனித்தனியாகப் பாருங்கள்.

ஒன்று, தகுதி. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சமவெளிக்கு 500 பேர் வேண்டும். 250 பேர் போதும் என்ற சலுகை மலை மாநிலங்களுக்கும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கும் இன்னும் சில வகை மாவட்டங்களுக்கும்தான். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. நம் மலைக் குடியிருப்புகள் பல இந்த ஓட்டையில்தான் விழுகின்றன. ஆனால் அருகருகே இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ண விதியில் இடம் உண்டு: சுற்றளவு 500 மீட்டர், மலை என்றால் நடைபாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர். பக்கத்துக் கொட்டாய்களைச் சேர்த்து 500 வருகிறதா பாருங்கள். இருளர், காட்டுநாயக்கர் போன்ற தொல்குடிகள் வாழும் இடமென்றால் 2023-இல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் 100 பேரே போதும்.

இரண்டாவது, காடு. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை உட்பட 13 பொது வசதிகளுக்கு வனநிலத்தைத் தர வழி செய்கிறது. நிபந்தனை: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆறு மீட்டர் அகலம் எடுத்தால் 1,666 மீட்டர் ரோடு. நான்கு மீட்டராகச் சுருக்கினால் இரண்டரைக் கிலோமீட்டர். அதனால் அகலத்தை முதலிலேயே பொறியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். காட்டுக்குள் போகும் நீளம் மட்டுமே கணக்கில் வரும். பட்டா நிலத்தில் போகும் பகுதியைக் கழித்துவிடுங்கள்.

இதற்கான கூட்டம் குடியிருப்பின் கிராமசபையாக இருக்க வேண்டும். பெரியவர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். ஊராட்சி முழுவதுக்கும் நடந்த கிராமசபைத் தீர்மானத்தை இணைத்து அனுப்பினால் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தீர்மானத்தில் எந்த இடத்திலிருந்து எந்த இடம், நீளம், அகலம், எத்தனை மரம் என்று எழுதுங்கள். விண்ணப்பிப்பது ரோடு போடும் துறை. அது வனச்சரகர் பார்வைக்குப் பின் மாவட்ட வன அலுவலரிடம் போகும். அவர் ஏற்காவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும். ஒரு ஹெக்டேருக்கு மேல் போனால் இந்த வழி கிடையாது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வழிதான்.

அதுவரை பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். ஒன்பதாவதுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஜூன் தொடக்கத்திலேயே இடம் கேளுங்கள்.

கேள்வி: ரோடு அளக்க வந்ததுமே நிலத்தை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (திண்டுக்கல் மாவட்டம்)

அளக்கும்போதே கேட்கிறவருக்கு ரோடு முடிந்தபின் விலை என்ன ஆகும் என்று தெரியும். ரோட்டின் பலன் முதலில் ஏறுவது நிலத்தின் விலையில். அதனால் நிலம் இல்லாதவருக்கு அது கூலி வழியாகத்தான் வரும், நிலத்தை விற்றுவிட்டவருக்கும் அப்படித்தான். பணத்துக்கு அவசரம் இல்லையென்றால் ரோடு முடிந்து ஓர் ஆண்டு போகட்டும். விற்றே ஆக வேண்டுமென்றால் ரோட்டோரத்தை விற்றுவிட்டுப் பின்பக்கத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படி நேர்ந்தால் வண்டி போகும் அகலத்துக்குப் பாதை உரிமையைக் கிரயப் பத்திரத்திலேயே, வரைபடத்தோடு எழுதுங்கள். வன உரிமைப் பட்டா நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. பஞ்சமி நிலமும் நிபந்தனைப் பட்டாவும் விற்பனைத் தடை உள்ளவை. முன்பணம் வாங்கும் முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவின் வகையைப் பார்த்துவிடுங்கள்.